சிங் பேரரசு பிழைத்திருந்தால்: ஒரு சீனப் பயணக் குறிப்பு

புதன், பெய்ஜிங்

அரண்மனை நகரத்துக்குப் போக நினைப்பவர்கள் முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாசலில் போய் நின்று சீட்டு வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். முன்கூட்டியே இணையத்தில் கடவுச்சீட்டு எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்துவிடுங்கள். திங்கள்கிழமை விடுமுறை. இந்தப் பருவத்தில் கட்டணம் 60 யுவான். நான் காலையிலேயே போய்விட்டேன். அப்போதே தெற்கு வாசலில் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை, கொடி பிடித்த வழிகாட்டிகள், மஞ்சு இளவரசி உடையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டு படம் எடுக்கும் பெண்கள்.

நான் வந்திருப்பது ஒரு கேள்விக்காக. ஜப்பானில் பேரரசர் இருக்கிறார், தாய்லாந்தில் மன்னர் இருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் பேரரசர்களைப் பார்த்த சீனாவில் அந்தப் பதவி 1912 பிப்ரவரி 12 அன்று முடிந்துபோனது. முடிந்தே தீர வேண்டியிருந்ததா? எந்த இடத்தில் வேறு முடிவு எடுத்திருந்தால் இன்றும் ஒரு சிங் பேரரசர் இருந்திருப்பார்? படித்துப் படித்து யோசித்தாகிவிட்டது. அந்த இடங்களிலேயே போய் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

1420-இல் கட்டி முடிக்கப்பட்ட இந்த அரண்மனையில் மிங், சிங் வம்சங்களின் 24 பேரரசர்கள் இருந்தார்கள். கடைசியானவர் புயி. 1908 டிசம்பர் 2 அன்று தைஹெ மண்டபத்துச் சிம்மாசனத்தில் அவரைத் தூக்கி உட்காரவைத்தபோது மூன்று வயதுகூட நிறையவில்லை. கடுங்குளிர், வாத்தியச் சத்தம், வரிசையாக வந்து மண்டியிடும் அதிகாரிகள். குழந்தை வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுதது. அதைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்த தந்தை ஜைஃபெங், ‘அழாதே, சீக்கிரம் முடிந்துவிடும்’ என்று சமாதானம் சொன்னார். அவர்தான் அப்போது ஆட்சிப் பொறுப்பை ஏற்றிருந்த இளவரசர். அந்தப் பேச்சை அதிகாரிகள் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டதாகப் புயியே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

அந்தச் சிம்மாசனத்தை இன்று வாசலில் நின்றபடி பார்க்கலாம். குடியரசின் தலைவராக இருந்து 1915-இல் தன்னைத்தானே பேரரசராக அறிவித்துக்கொண்ட படைத்தளபதி யுவான் ஷிகாய் அதை அகற்றிவிட்டு, முதுகு உயர்ந்த வேறொரு ஆசனத்தைப் போட்டார். பழையது எங்கே போனது என்றே தெரியவில்லை. 1900-இல் எடுத்த ஒரு புகைப்படத்தை வைத்துக்கொண்டு தேடி, 1959-இல் அரண்மனையின் பழைய மரச்சாமான் கிடங்கிலிருந்து கண்டெடுத்துச் செப்பனிட்டார்கள்.

கூட்டம் சிம்மாசனத்தோடு திருப்தியடைந்து நகர்ந்துவிடுகிறது. நீங்கள் போனால் பெயர்ப்பலகைகளையும் நிமிர்ந்து பாருங்கள். முன்புற மண்டபங்களின் பலகைகளில் சீன எழுத்து மட்டுமே. உள்ளே சியான்சிங் வாயிலில் சீனமும், சிங் வம்சத்தாரின் இனமொழியான மஞ்சுவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1912-க்குப் பிறகு முன்பாதி குடியரசின் கைக்குப் போனது. பின்பாதியில் புயி பட்டப் பெயரோடும் பணியாட்களோடும் 1924 வரை வாழ்ந்தார். ஒரே சுற்றுமதிலுக்குள் பன்னிரண்டு ஆண்டுகள் குடியரசும் பேரரசரும் அக்கம்பக்கமாக இருந்திருக்கிறார்கள். ஆண்டுக்கு 40 லட்சம் வெள்ளி தருவதாகவும், வெளிநாட்டு மன்னருக்குரிய மரியாதை தருவதாகவும் ஒப்பந்தம்.

உள்ளே சியான்சிங் மாளிகையின் சிம்மாசனத்துக்கு மேலே ஒரு பெரிய பலகை தொங்குகிறது. யோங்ஜெங் பேரரசர் காலத்திலிருந்து அடுத்த வாரிசின் பெயரை எழுதி ஒரு பெட்டியில் வைத்து அதன் பின்னால் மறைத்துவைப்பார்கள். மூத்த மகனுக்கே பட்டம் என்ற விதி சிங் வம்சத்தில் கிடையாது. அதனால் ‘இப்போது பேரரசர் யாராக இருந்திருப்பார்’ என்று கேட்டால் வம்ச மரத்தை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. புயிக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி புஜியே 1994-இல் இறந்தார். இன்னொரு தம்பி புரென் பெய்ஜிங்கில் பள்ளி ஆசிரியராக இருந்து 2015-இல் இறந்தார். அந்த இன்னொரு சீனாவில், வகுப்பறையில் சுண்ணக்கட்டி பிடித்த அந்தக் கை அரசாணைகளில் முத்திரை வைத்திருக்கக்கூடும்.

மதியத்துக்கு மேல் தைமியாவ். அரண்மனைக்குத் தென்கிழக்கில் உள்ள மூதாதையர் கோயில், இப்போது உழைக்கும் மக்களின் பண்பாட்டு மாளிகை. பெரிய கூட்டம் இல்லை. 1911 அக்டோபர் 10 அன்று வூச்சாங்கில் புரட்சி வெடித்த பிறகு, நவம்பர் 3-இல் அரசவை அவசர அவசரமாக 19 விதிகள் கொண்ட ஓர் அரசியல் சட்டத்தை ஏற்றது. பிரதமரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். அரச குடும்பத்தார் பிரதமராகவோ அமைச்சராகவோ ஆக முடியாது. பேரரசர் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். பிரிட்டனில் உள்ளது போன்ற முடியாட்சி. அந்த மாதக் கடைசியில் ஜைஃபெங் இந்தக் கோயிலுக்கு வந்து, மூதாதையர் பலகைகளின் முன்னால் அதைக் காப்பதாகச் சத்தியம் செய்தார். அதற்குள் மாகாணம் மாகாணமாகக் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. கேட்டதெல்லாம் அந்த 19 விதிகளில் இருந்தது. கேட்டவர்கள்தான் அப்போது அங்கே இல்லை.

வியாழன், பெய்ஜிங்

கோடைக்கால அரண்மனைக்கு நான்காம் எண் மெட்ரோவில் போகலாம். ஏரி, நீண்ட ஓவியத் தாழ்வாரம், பளிங்குப் படகு எல்லாம் அழகுதான். அவற்றைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

நான் பார்க்க வந்தது யூலான் கூடம். ஏரிக்கரையை ஒட்டிய ஒரு முற்றமும் சுற்றிலும் அறைகளும். பக்கத்து அறைக்குள் எட்டிப் பார்த்தால் வழியை மறித்துக்கொண்டு செங்கல் சுவர் நிற்கிறது. குவாங்சு பேரரசரை அடைத்துவைக்க எழுப்பிய சுவர். அதை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். அடைத்தவர் அவருடைய பெரியம்மா, பேரரசித் தாயார் சிசி.

சில நிமிட நடைதூரத்தில் ரென்ஷோ மண்டபம். 1898 ஜூன் 16 அன்று அங்கேதான் குவாங்சு, சீர்திருத்தம் கேட்டு மனு எழுதிவந்த அறிஞர் காங் யூவெய்யைச் சந்தித்தார். பேரரசருக்கு வயது 26, காங்குக்கு 40. ஜப்பானிடம் தோற்று மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தைவான் போய்விட்டது, 20 கோடி டேல் வெள்ளி இழப்பீடு. ஜப்பானை மேற்கத்திய முறையில் மாற்றியமைத்த மெய்ஜி பேரரசர் செய்ததை நாமும் செய்தால் என்ன என்பதுதான் காங்கின் வாதம். ஜூன் 11-இல் தொடங்கிய ஆணைகள் மழையாகப் பொழிந்தன: தேர்வுமுறையில் மாற்றம், புதிய பள்ளிகள், வேலையில்லாத பதவிகள் ஒழிப்பு, சாதாரணக் குடிமகனும் பேரரசருக்கு மனு எழுதலாம் என்ற அனுமதி. செப்டம்பர் 21-இல் சிசி அதிகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். 103 நாள். அவற்றில் உருப்படியாகத் தப்பியது பெய்ஜிங் பல்கலைக்கழகம்.

மாற்று வரலாறு எழுத விரும்புகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கிளையைப் பிரிப்பார்கள். ‘குவாங்சு மட்டும் வென்றிருந்தால்!’ அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது எனக்கும் மனம் கனத்தது. ஆனாலும் அவர் வென்றிருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. மனு ஒன்றைத் தடுத்தார்கள் என்று சடங்குத் துறையின் தலைமை அதிகாரிகள் ஆறு பேரையும் ஒரே ஆணையில் வேலைநீக்கம் செய்தார். மறுநாளே நான்கு இளைஞர்களை உயரத்தில் கொண்டுவந்து வைத்தார். கையில் படை இல்லை, மாகாண ஆளுநர்களின் துணை இல்லை. கடைசியில் அந்த நால்வரில் ஒருவரான டான் சிடோங் இரவோடு இரவாக யுவான் ஷிகாயிடம் போய்ப் படை கேட்க வேண்டியதாயிற்று. ஓர் இளைஞரின் நல்ல மனதை மட்டும் நம்பி நின்ற சீர்திருத்தம் அது. நாட்டில் அதைக் கேட்டு வாங்கும் அமைப்பு எதுவும் அன்றைக்கு இல்லை.

காங் தப்பிப் போனார். அடுத்த ஆண்டே கனடாவின் விக்டோரியாவில் பேரரசரைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கினார். சிங்கப்பூர், பினாங்கு, அப்புறம் நம் டார்ஜிலிங் என்று அலைந்தார். அதே பினாங்கில் 1910-இல் புரட்சித் தலைவர் சுன் யாட்சென் உட்கார்ந்து குவாங்ஜோ எழுச்சிக்குத் திட்டம் போட்டார். பேரரசரைக் காப்பாற்ற நினைத்தவரும் கவிழ்க்க நினைத்தவரும் கடல் கடந்த சீன வணிகர்களிடம்தான் காசு திரட்டினார்கள்.

வெள்ளி, பெய்ஜிங்

காலையில் சாய்ஷிகோவ். இப்போது மெட்ரோ நிலையமும் அகலச் சாலையும் கடைகளுமாக இருக்கிறது. 1898 செப்டம்பர் 28-இல் சீர்திருத்தக்காரர்கள் ஆறு பேரின் தலையை இங்கே வெட்டினார்கள். டான் சிடோங்குக்குத் தப்பிக்க நேரம் இருந்தது. போக மறுத்துவிட்டார். வயது 33. சிறிது நேரம் நின்றுவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்து நான் போன இடம் எந்தச் சுற்றுலாப் புத்தகத்திலும் பெரிதாக இருக்காது. ஜியான்குவோமென் உள்தெருவில் சீன சமூக அறிவியல் கழகத்தின் உயரமான கட்டடம். இந்த நிலத்தில்தான் கோங்யுவான் இருந்தது, பேரரசின் தேர்வுக்கூடம். ஆயிரக்கணக்கான குறுகிய அறைகளில் ஆளுக்கு ஒன்றாக அடைபட்டுத் தேர்வு எழுதுவார்கள். 1905-இல் தேர்வுமுறையையே ஒழித்தார்கள். இடம் காலியானது. அங்கே என்ன கட்டத் திட்டமிட்டார்கள் தெரியுமா? நாடாளுமன்றம். ஜெர்மன் கட்டடக் கலைஞர் கர்ட் ரோத்கெகல் பெர்லின் நாடாளுமன்றத்தின் சாயலில் குவிமாடங்களோடு வரைபடம் போட்டார். வேலையும் தொடங்கியது. 1911 புரட்சியோடு நின்றுபோனது. பக்கத்துத் தெருக்களின் பெயரில் மட்டும் கோங்யுவான் மிச்சமிருக்கிறது.

அந்தக் கட்டடத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்தேன். நான் தேடி வந்த இடம் இதுதான் என்று தோன்றிவிட்டது. எப்படி என்று சொல்கிறேன்.

சிசியை வெறும் பிற்போக்குவாதி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆனால் 1900-இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்குக்குள் புகுந்து, 45 கோடி டேல் இழப்பீட்டை 39 ஆண்டுகளில் கட்டும்படி தலையில் சுமத்திய பிறகு, 1898-இல் காங் கேட்டதைவிட அதிகமாகவே அவருடைய அரசு செய்தது. 1905-இல் வெளிநாட்டு அரசியல் சட்டங்களைப் படித்து வர ஐந்து உயரதிகாரிகளை அனுப்பினார்கள். புறப்படும்போதே ரயில் நிலையத்தில் வெடிகுண்டு. பயணத்தைத் தள்ளிவைத்து, டிசம்பரில் கிளம்பினார்கள். அந்த ஐவரில் ஒருவர் டுவான்ஃபாங். நூலகம், அருங்காட்சியகம், பூங்கா எல்லாம் மக்களுக்கு வேண்டும் என்று திரும்பி வந்து எழுதினார். ஜெர்மனியிலிருந்து அவர் வாங்கிய விலங்குகளோடு தொடங்கியதுதான் இன்றைய பெய்ஜிங் விலங்குக் காட்சிச்சாலை. எனக்கு இந்த மனிதரை மிகவும் பிடிக்கும்.

1908 ஆகஸ்டில் அரசியல் சட்ட வரைவுக் கோட்பாடுகள் வெளிவந்தன. 23 விதிகள். அவற்றில் 14 பேரரசரின் அதிகாரங்கள், 9 குடிமக்களின் உரிமைகள் கடமைகள். ஜப்பானின் மெய்ஜி சட்டத்தைப் பார்த்து எழுதியது. ஒன்பது ஆண்டுகளில் நாடாளுமன்றம் என்று கால அட்டவணை. 1909 அக்டோபரில் மாகாண அவைகள் கூடின. வாக்குரிமை மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான் என்றாலும், உண்மையான தேர்தல் நடந்தது. 1910 அக்டோபரில் பெய்ஜிங்கில் தேசிய ஆலோசனை அவை கூடியது. பாதிப்பேர் நியமனம், பாதிப்பேர் மாகாண அவைகள் தேர்ந்தெடுத்தவர்கள். நியமன உறுப்பினர்களும் சேர்ந்து ஒரே குரலில் ‘நாடாளுமன்றத்தை உடனே கூட்டுங்கள்’ என்றார்கள். அரசவை இறங்கி வந்து 1913 என்றது.

1898-இல் இல்லாத அமைப்பு இப்போது இருந்தது. அதில் இருந்தவர்கள் புரட்சிக்காரர்கள் இல்லை. ஜியாங்சு மாகாண அவையின் தலைவர் ஜாங் ஜியான் 1894 அரண்மனைத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவர், பஞ்சாலை முதலாளி. இவர்கள் பேரரசரை வைத்துக்கொண்டே சட்டத்தின் ஆட்சியைக் கேட்டவர்கள்.

1911 மே 8-இல் முதல் அமைச்சரவைப் பட்டியல் வந்தது. பிரதமர் இளவரசர் யிகுவாங், லஞ்சத்துக்குப் பெயர்போனவர். 13 பேரில், நாட்டின் பெரும்பான்மையான ஹான் இனத்தவர் நான்கே பேர். மற்றவர்கள் மஞ்சுக்கள், அதிலும் பெரும்பாலும் அரச குடும்பத்தார். மாகாண அவைகள் கூடி எதிர்ப்பு மனு அனுப்பின. அமைச்சர்களை நியமிப்பது பேரரசரின் உரிமை, நீங்கள் தலையிடாதீர்கள் என்று பதில் வந்தது. பட்டியல் வந்த மறுநாளே மாகாணத்தார் பங்குபோட்டுத் தொடங்கியிருந்த ரயில் பாதைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. சிச்சுவான் கொந்தளித்தது. அதை அடக்க ஹூபெய் படையின் ஒரு பகுதியைக் கூட்டிக்கொண்டு போனவர் டுவான்ஃபாங். படை குறைந்திருந்த ஹூபெய்யில்தான் வூச்சாங் எழுச்சி வென்றது. ஹூபெய் மாகாண அவையின் தலைவர் டாங் ஹுவாலோங் எழுச்சிக்காரர்கள் பக்கம் சேர்ந்தார். டுவான்ஃபாங்கை அவருடைய படைவீரர்களே கொன்றார்கள்.

முடியாட்சியை முறித்தது அந்த மே மாதப் பட்டியல். நான் இதில் உறுதியாக இருக்கிறேன்.

சனி, பெய்ஜிங்

யோங்ஹெ கோயில். ஊதுபத்திக் கட்டோடு இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். முற்றத்தில் சதுரமான ஒரு கல்வெட்டுத் தூண் இருக்கிறது. 1792-இல் சியான்லோங் பேரரசர் திபெத்திய பௌத்தத்தைப் பற்றி எழுதியது. நான்கு பக்கத்திலும் நான்கு எழுத்து: மஞ்சு, சீனம், மங்கோலியம், திபெத்தியம்.

சிங் பேரரசர் சீனர்களுக்கு வானத்தின் மகன். மங்கோலியப் பிரபுக்களுக்கு அவர் ககான், திபெத்திய லாமாக்களுக்கு மறையின் காவலர். இப்படிப் பல முகங்களால் கோத்து வைத்திருந்த பேரரசு அது. வம்சம் சரிந்துகொண்டிருந்த 1911 டிசம்பரிலேயே மங்கோலியர்கள் தங்கள் பொக்த் கானை அரசராக்கிக்கொண்டார்கள். பேரரசர் இருந்திருந்தால் மங்கோலியா போயிருக்காது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்குச் சந்தேகம்தான். மேய்ச்சல் நிலங்களில் ஹான் உழவர்களைக் குடியேற்றி மங்கோலியர்களின் கோபத்தைக் கிளப்பியதும் அதே சிங் அரசின் புதிய கொள்கைதான்.

ஞாயிறு, டியான்ஜின்

பெய்ஜிங்கிலிருந்து அதிவேக ரயிலில் அரை மணி நேரம். அக்கா மகன் இங்கே மருத்துவம் படிக்கிறான். நிலையத்துக்கே வந்து கூட்டிப்போனான். இன்று முழுக்க அவன்தான் எனக்கு மொழிபெயர்ப்பாளன்.

முதலில் லியாங் சிச்சாவின் வீடு. இத்தாலியப் பாணியில் சாம்பல் நிற இரண்டு மாடி, பக்கத்தில் அவருடைய படிப்பக மாளிகை. 1898-இல் காங்கின் மாணவராகத் தப்பி ஓடியவர். வாழ்நாளின் பெரும்பகுதி அரசியல் சட்ட முடியாட்சிக்காக எழுதியவர். ஆனால் 1915-இல் யுவான் ஷிகாய் பேரரசராகக் கிளம்பியபோது எதிர்த்து எழுதிய முதல் பெரிய குரலும் இவருடையதுதான். அமெரிக்க ஆலோசகர் ஃபிராங்க் குட்னவ் சீனாவுக்கு முடியாட்சியே பொருந்தும் என்று குறிப்பு எழுதிக் கொடுத்திருந்த நேரம் அது. லியாங் சொன்னதன் சாரம்: கோயில் சிலைக்கு மரியாதை அது பீடத்தில் இருக்கும்வரைதான். ஒருவன் அதைக் கீழே தள்ளி மிதித்துச் சாக்கடையில் போட்டுவிட்டான் என்றால், பிறகு எடுத்துக் கழுவிப் பீடத்தில் வைத்தாலும் பழைய சக்தி திரும்பாது. அவருடைய மாணவர் சாய் ஓ யுன்னானுக்குப் போய்ப் படை திரட்டினார். 1916 மார்ச்சில் யுவான் பட்டத்தைக் கைவிட்டார், ஜூனில் இறந்தார்.

ஆசிரியர் காங் வேறு வழியில் போனார். 1917 ஜூலை 1-இல், சிங் ஆட்சி ஆண்களுக்குக் கட்டாயமாக்கியிருந்த சடையை இன்னும் வெட்டாத படைகளோடு தளபதி ஜாங் ஷுன் பெய்ஜிங்கில் புயியை மறுபடி அரியணையில் ஏற்றியபோது காங் கூடவே இருந்தார். தெருவெங்கும் சிங் பேரரசின் நாகக் கொடிகள். அரண்மனை மேல் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது. பன்னிரண்டாம் நாள் எல்லாம் முடிந்தது. லியாங் அந்த மீட்பை முறியடித்த தளபதி டுவான் சிருயியின் பக்கம் இருந்தார். ஆசிரியரும் மாணவரும் எதிரெதிர் அணியில்.

அடுத்தது ஜிங்யுவான், அன்ஷான் சாலையில் புயி 1929 முதல் 1931 வரை வாழ்ந்த வீடு. அப்போது அது ஜப்பானியர் ஆளுகைக்கு உட்பட்ட பகுதி. ஸ்பானியச் சாயல், சின்னத் தோட்டம், நீரூற்று. ஓர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியின் வீடு என்றால் நம்பலாம். 1928-இல் ஒரு படைத்தளபதியின் ஆட்கள் கிழக்குக் கல்லறைகளை வெடிவைத்துத் திறந்து சியான்லோங், சிசி இருவரின் உடல்களையும் கொள்ளையடித்தார்கள். குடியரசு அரசு யாரையும் தண்டிக்கவில்லை. புயியைத் தீராத வன்மத்தோடு ஜப்பானியரிடம் தள்ளியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1931 நவம்பரில் இந்த வீட்டிலிருந்து ஒரு காரின் பின்பெட்டியில் ஒளிந்து வெளியேறினார்.

சாப்பிட உட்கார்ந்தபோது பையன் கேட்டான்: “மாமா, இவ்வளவும் சொல்றீங்களே, அப்போ ராஜா இருந்திருக்கணும்னு நினைக்கிறீங்களா?”

“ராஜா மேல எனக்கு ஆசை இல்லப்பா. ஜாங் ஜியான் மாதிரி ஆளுங்க கேட்டது கிடைச்சிருக்கணும். அவங்க கேட்டதுல ராஜாவும் இருந்தார், அவ்வளவுதான்.”

“அது கிடைச்சிருந்தா ஜப்பான்காரன் வராம இருந்திருப்பானா?”

நல்ல கேள்வி. ரயிலில் யோசிக்கிறேன் என்றேன்.

செவ்வாய், ஷென்யாங்

மஞ்சுக்கள் பெய்ஜிங்கைப் பிடிப்பதற்கு முன் கட்டிய அரண்மனை, 1625-இல் தொடங்கியது. கிழக்கு முற்றத்தில் எண்கோண வடிவில் தாஜெங் மண்டபம், அதன் முன்னால் இரு பக்கமும் பத்து சிறு மண்டபங்கள். மஞ்சுப் படையின் எட்டுக் கொடிப் பிரிவுகளுக்கு எட்டு, இடது வலது அணிகளின் தலைவர்களுக்கு இரண்டு. அரசரும் இளவரசர்களும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து முடிவெடுத்த காலம். குடும்பத்தையே அரசாங்கமாக வைத்து வென்றவர்கள் இவர்கள். 1911-இல் ஆபத்து வந்தபோது ஜைஃபெங் மறுபடி குடும்பத்தைத்தான் நம்பினார். இந்த முற்றத்தைப் பார்த்தபிறகு அவர்மேல் கோபம் கொஞ்சம் தணிந்தது.

புதன், சாங்சுன்

பிழைத்திருந்த சிங் முடியாட்சி எப்படி இருந்திருக்கும் என்று கேட்பவர்களுக்கு, எப்படி இருந்திருக்கக் கூடாது என்பதற்கான பதில் இந்த ஊரில் இருக்கிறது. ஜப்பானியப் படை 1931-இல் மஞ்சுக்களின் தாயகமான வடகிழக்கு மஞ்சூரியாவுக்குள் புகுந்து, 1932-இல் மஞ்சுகோ என்று நாடு அமைத்தது. புயி முதலில் தலைவர், 1934 மார்ச் 1 முதல் பேரரசர். அரண்மனை என்று கொடுத்தது பழைய உப்பு வரி அலுவலகத்தை. முடிசூடும் நாளில் நாக அங்கி வேண்டும் என்று கேட்டார். காலையில் வானத்துக்குச் செய்யும் வழிபாட்டுக்கு மட்டும் உடுத்த விட்டார்கள். அரியணை ஏறும்போது ராணுவச் சீருடை.

1938-இல் அவருக்கென்று தொங்தெ மண்டபம் கட்டினார்கள். ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கும் என்று பயந்து அதில் குடியேறவே இல்லை. 1940-இல் ஜப்பானியரின் சூரிய தேவிக்கு அரண்மனை வளாகத்திலேயே கோயில் எழுப்பி, அவரை வழிபடவைத்தார்கள். இன்று அங்கே அடித்தளம் மட்டும் இருக்கிறது. பேரரசி வான்ரோங் அபினிக்கு அடிமையாகி இங்கேதான் சிதைந்தார். அவர் அறையில் என்னால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. லியாங் சொன்ன சிலை இதுதான். எடுத்துக் கழுவி வைத்தவர்கள் அந்நியர்கள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

வியாழன், ரயிலில்

பெய்ஜிங் திரும்புகிறேன். ஜன்னலுக்கு வெளியே அறுவடை முடிந்த சோளக் காடுகள். பையன் கேட்டதற்குப் பதிலாக அந்த இன்னொரு சீனாவை எழுதிப் பார்க்கிறேன்.

1911 மே. பட்டியலில் யிகுவாங் இல்லை. ஜைஃபெங் தான் வேலைநீக்கம் செய்த யுவான் ஷிகாயை மனமில்லாமல் கூப்பிடுகிறார். யுவானைத் தனியாக விடாமல் ஜாங் ஜியானைத் தொழில்துறைக்கும் டுவான்ஃபாங்கைக் கல்விக்கும் வைக்கிறார். ரயில் பங்குகளுக்கு முழு மதிப்பும் தருகிறார்கள். சிச்சுவான் அடங்குகிறது. புரட்சிக்காரர்கள் வூச்சாங்கில் எழுந்தாலும் மாகாண அவைகள் பின்னால் போகவில்லை. 1913-இல் கோங்யுவான் நிலத்தில் ஏழு வயதுப் பேரரசர் பெயரில் நாடாளுமன்றம் திறக்கிறது. கூடவே சடையை வெட்டிக்கொள்ளவும், மஞ்சுக்களின் மானியங்களை நிறுத்தவும் சட்டம். இது இல்லாவிட்டால் ஹான் மக்களின் கசப்பு தீர்ந்திருக்காது.

1915 ஜனவரியில், சீனாவில் தனக்குச் சலுகைகள் கேட்ட ஜப்பானின் 21 கோரிக்கைகள் வந்தே தீரும். நிஜத்தில் யுவான் தனியாக நின்று பெரும்பகுதியை ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றம் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்திருக்கலாம். 1916-இல் யுவான் இறக்கும்போது அவருடைய தளபதிகள் நாட்டைப் பங்குபோட முடியாமல் இருந்திருக்கலாம், ஏனென்றால் படை சத்தியம் செய்தது வேறொருவர் பெயரில். ஜப்பான் 1931-இல் வராமல் இருந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. மஞ்சூரியாவில் உட்காரவைக்க அவர்களுக்கு ஒரு புயி மட்டும் கிடைத்திருக்க மாட்டார். இழப்பீட்டுக் கடன், பஞ்சம், குத்தகை உழவர்களின் துயரம் எல்லாம் அங்கேயும் இருந்திருக்கும். அவற்றுக்கு அந்த நாடாளுமன்றத்தின் நிலச்சுவான்தார்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதுதான் அந்த வரலாற்றின் கடினமான அத்தியாயம்.

சனி, யிஷியான்

வாடகைக் காரில் மேற்குக் கல்லறைகள். பெய்ஜிங்குக்குத் தென்மேற்கே சுமார் 120 கிலோமீட்டர். பைன் மரங்களும் மலையும் சூழ்ந்த அமைதியான இடம். முதலில் பக்கத்திலிருக்கும் ஹுவாலோங் இடுகாடு. 1959-இல் மன்னிக்கப்பட்டு, பெய்ஜிங் தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்து, 1967-இல் சாதாரணக் குடிமகனாக இறந்த புயியின் சாம்பலை 1995-இல் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். எளிய கல்லறை.

பிறகு சோங்லிங், குவாங்சுவின் கல்லறை. நிலவறைக்குள் படியிறங்கிப் போகலாம். 1938-இல் இதையும் கொள்ளையடித்தார்கள். 1908 நவம்பர் 14-இல் அவர் இறந்தார், மறுநாள் சிசி. குவாங்சுவின் தலைமுடியையும் எச்சங்களையும் ஆராய்ந்து, ஆர்செனிக் நஞ்சால் இறந்தார் என்று 2008-இல் அறிவித்தார்கள்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதன் கட்டுமானக் கணக்கு. 1909-இல் தொடங்கியது. பாதியில் பேரரசே போய்விட்டது. 1912 ஒப்பந்தத்தில் ஒரு விதி, குவாங்சுவின் கல்லறையைத் திட்டப்படி முடித்துத் தருவோம், செலவைக் குடியரசு ஏற்கும் என்றது. புயிக்குத் தருவதாகச் சொன்ன ஆண்டுத் தொகை சீக்கிரமே பாக்கி விழுந்தது. அரண்மனையிலிருந்தும் 1924-இல் துரத்தினார்கள். இந்த விதியை மட்டும் காப்பாற்றினார்கள். தன் கஜானாவே காலியாக இருந்த புதிய அரசு, தான் கவிழ்த்த வம்சத்தின் சீர்திருத்தப் பேரரசருக்குக் கல்லறை கட்டி முடித்தது. 1913-இல் அவரை அடக்கம் செய்தார்கள், 1915-இல் வேலை முழுவதும் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் குடியரசின் தலைவர் யுவான் ஷிகாய் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார்.